நான்காம் மாடி காலி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. வழக்கப்படி முதல் வரியில் நலம் சொல்ல வேண்டும். 'நலம்' என்று எழுதினால் அது பொய். 'நலமில்லை' என்று எழுதினால் நீ மறுநாளே பெட்டியோடு வந்து நிற்பாய். ஆகவே, நலத்துக்கு மிக அருகில் இருக்கிறோம் என்று கொள்க. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் அதே அளவிலோ, அதைவிடச் சற்று மேலாகவோ இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருடைய விருப்பம்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய். மீதிப் பாதியை உன் அக்கா பிடுங்கிக்கொண்டு அவள் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். மேலும், நடந்த அத்தனைக்கும் மூல காரணம் நீதான் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். "அத்தான், வீட்டுக்காரர்கிட்ட எதையும் வாயால பேசாதீங்க, எல்லாத்தையும் எழுத்துல வையுங்க" என்று சொன்னவன் நீ. வைத்தேன் மச்சான். வைத்ததில் என்ன ஆயிற்று என்று கேள்.

எங்கள் வீட்டுக்காரரை நீ பார்த்திருக்கிறாய். சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி குழைந்து குழைந்து பேசுவாரே, அவரேதான். உன் அக்கா அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருக்கிறாள். ஆள் வருவதற்கு முன்னாலேயே சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும். மோட்டார் அறைக்குப் பூட்டு, மீட்டர் பெட்டிக்குப் பூட்டு, யாரும் திருட நினைக்காத பழைய துடைப்பங்கள் இருக்கும் அலமாரிக்கும் பூட்டு. இப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை லிப்ட் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். 'மின்சார சிக்கனம் கருதி லிப்ட் நிருத்தப்பட்டுள்ளது' என்று அதில் இருந்தது.

உன் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, "தினமும் வெளியில போய் நடங்க, ஆனா படி மட்டும் ஏறவே கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்த சமயம் அது. நான்காவது மாடியில் இருப்பவள் படி ஏறாமல் வெளியே போய் நடந்துவிட்டு எந்த வழியாகத் திரும்பி வருவாள், சொல்லு. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தபடி நிற்பாள். "தபால்காரர் செருப்பு மாத்திட்டார்", "அந்தப் பொண்ணு முடியை வெட்டிக்கிட்டா, நல்லாவே இல்ல" என்று உள்ளே இருக்கும் எனக்கு வர்ணனை நடக்கும். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கால் ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றியவள் அவள். உன் வீட்டு முன்னறையை ஒழித்துத் தருகிறேன் என்று நீ சொன்னது உன் பெருந்தன்மை. ஆனால், "தம்பி வீட்டுக்கு விருந்தாளியா எத்தனை தடவை வேணாலும் போவேன், குடித்தனமா ஒரு தடவைகூடப் போக மாட்டேன்" என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஆகவே எனக்கு வேண்டியதெல்லாம் அவள் கீழே இறங்கி நடக்க வேண்டும், இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ சொன்னபடியே, லிப்டை இயக்கித் தருமாறு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அச்சகத்தில் தலை நரைக்கும் வரை பிழை திருத்தியவன் நான். வல்லின 'று' வர வேண்டிய இடத்தில் இடையின 'ரு' உட்கார்ந்துகொண்டு போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தால் எவ்வளவு நாள்தான் தாங்குவது? கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. 'ரு'வைச் சுழித்து 'று' போட்டேன். 'மின்சார'வுக்குப் பின்னால் ஒரு 'ச்' சேர்த்தேன். ஓரத்தில் 'கவனிக்க' என்றும் எழுதிவிட்டேன், தொழில் பழக்கம். சாயங்காலமே பூட்டு கீழே வாசலில் என்னை மறித்துக்கொண்டு நின்றார்.

"சார், லிப்ட் வேணும்னு கேட்டீங்க, கேளுங்க, தப்பில்ல. அதுக்காக ஊரே பாக்கற மாதிரி என்னைத் திருத்தலாமா? என் பேத்தி அதைப் படிச்சுட்டு, 'தாத்தா, நீ பெயிலா?'ன்னு கேக்குறா சார்!"

"ஐயா, நான் உங்களைத் திருத்தலை, 'ரு'வைத்தான் திருத்தினேன்" என்றேன். இதுவும் சொல்லியிருக்க வேண்டாத வாக்கியம்தான்.

மறுநாள் புதுத் தாள் ஒன்று வந்தது. 'நான்காம் மாடியின் புகாரை தொடர்ந்து, தண்ணீர் காலையில் மட்டுமே விடபடும்.' அப்புறம் மாடிப்படி விளக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. அதற்குத் தாளே கிடையாது, இருட்டில் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். அதைப் பற்றிக் கேட்டதும் மொட்டை மாடிக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. அங்கேயும் 'நான்காம் மாடியின் புகாரை தொடர்ந்து' என்று மறக்காமல் எழுதியிருந்தார். ஒற்று ஒரு இடத்தில்கூட இல்லை மச்சான். உன் அக்கா என் பேனாவை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டே அந்தத் தாள்களைத் தாண்டிப் போய் வந்தேன்.

அந்த ஆள் கெட்டிக்காரர், தண்டனையைக் கட்டடத்துக்கே கொடுத்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டிவிட்டார். கீழ் வீட்டுக் கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் இருக்கிறதே கீழ. எனக்கு லிப்ட் எதுக்கு? உங்க ஒருத்தருக்காக நான் ஈரத் துணியை ஹாலுக்குள்ள காயப் போடணுமா சார்?" என்று கேட்டார். இரண்டாம் மாடி பஸ் டிரைவர் நல்ல மனிதர், திட்டவில்லை. "ஊரையே சுத்திட்டு வர்றேன் சார், கண்ணு தெரியாம தடுமாறுறது நம்ம வீட்டுப் படியிலதான்" என்று பெருமூச்சு விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இனிமேல்தான் என் கெட்ட நேரம். எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. எந்தத் தொட்டிக்கு எவ்வளவு விடுவது என்பதற்கு வால்வுகள் கீழே மோட்டார் அறையில். எங்கள் தொட்டிக்கு அவர் மனசு வைத்து விடுகிற தண்ணீர் பல் தேய்த்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அன்றைக்கு உன் அக்கா தலையில் சோப்பு நுரையோடு குளியலறைக்குள்ளிருந்து என் பரம்பரையையே கூப்பிட்டாள். உடனே போனை எடுத்துப் பூட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். 'எங்கள் நான்காம் மாடித் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டது. தயவுசெய்து உடனே ஆவன செய்க' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் நீளமாகத் தெரிந்தது. பிழை திருத்துகிறவனுக்கு மிகைச்சொல்லைக் கண்டால் வெட்டாமல் இருக்க முடியாது. 'எங்கள்' போனது. இந்த ஆளிடம் என்ன தயவு என்று 'தயவுசெய்து' போனது. காலியாக இருப்பது தொட்டிதான் என்பது உலகத்துக்கே தெரியும், அதுவும் போனது. கடைசியில் மிஞ்சியது இதுதான்: 'நான்காம் மாடி காலி. உடனே ஆவன செய்க.'

கண நேரத்தில் பதில் வந்தது. 'மிக்க மகிழ்ச்சி சார். நன்றி.'

"பார்த்தியா, சுருக்கமா எழுதினா கல்லும் கரையும்" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பெருமை அடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து வந்த பதிலை எழுத முடியாது.

மறுநாள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள். அவர் கையில் அளவு டேப். "வீட்டைப் பாக்கணும்" என்றார். நீ சொன்னதன் பேரில் வாடகைக் குறைதீர் அலுவலகத்துக்கும் நான் ஒரு மனு போட்டிருந்தேன் அல்லவா, அங்கிருந்துதான் சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முடிவு கட்டிவிட்டோம். இருவருக்கும் ஒரே எண்ணம் தோன்றுவது கல்யாணமான இத்தனை காலத்தில் அபூர்வம்.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம். எல்லாத்தையும் பாருங்க, ஒண்ணு விடாதீங்க" என்று உன் அக்கா கைத்தடியோடு முன்னால் நடந்தாள்.

"தண்ணி வசதியெல்லாம் எப்படிங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான் சொல்றது எதுக்கு? நீங்களே கேளுங்க" என்று சமையலறைக் குழாயைத் திறந்தாள். அது 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

"படியில லைட் இல்லையே?"

"அதை ஏன் கேக்கறீங்க? லிப்ட் கேட்டோம், தண்ணியைக் குறைச்சாங்க. தண்ணி கேட்டோம், லைட்டைக் கழட்டினாங்க. லைட் கேட்டோம், மொட்டை மாடியைப் பூட்டினாங்க. இப்ப எதையும் கேக்கறதில்ல, ஜன்னலைக் கழட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரிங்க... எப்ப காலியாகும்?" என்றார்.

"தினமும் எட்டு மணிக்கெல்லாம் காலியாயிடும்" என்றேன் நான்.

"தினமுமா?"

"தினமும்தான். மறுபடி நிரம்பறது அவர் மனசு வச்சாத்தான். சில நாள் ஆறரைக்கே காலி. எழுதிக்கோங்க சார், எழுதிக்கோங்க."

அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அளவு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "கீழ் வீட்டையும் பாத்துட்டுப் போங்க, அங்கயும் இதே கதிதான்" என்று உன் அக்கா படி வரைக்கும் குரல் கொடுத்தாள். அவர்கள் இறங்கின வேகத்துக்கு இருட்டு ஒரு தடையாகவே இல்லை. கறாரான அதிகாரிகள், லஞ்சமாக ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. லிப்டை நிறுத்திய பிறகு பூட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு ஏறி வருவது அதுதான் முதல் தடவை. வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் அக்கா பாவம் பார்த்து, இருந்த கடைசித் தண்ணீரை ஒரு டம்ளரில் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கத்தினார்.

"வீடு பாக்க வந்தவங்களை விரட்டி விட்டுட்டீங்களே, இது நியாயமா? காலி பண்றேன்னு நீங்களே எழுத்துல குடுத்துட்டு இப்ப ஆட்டம் காட்டறீங்களா? மாசக் கடைசியில வீட்டுச் சாவி என் கைக்கு வந்தாகணும், ஆமா!"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அனுப்பியதுதான். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. உன் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள், இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, 'தொட்டி'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டா உங்க விரல் தேஞ்சா போயிடும்?"

அவள் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். சத்தம் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். இருக்கிற வீட்டையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன் மச்சான்.

இந்தச் சத்தம் கேட்டுக் கணக்கு டீச்சர் மேலே வந்தார். டிரைவரும் வந்தார். பூட்டு அவர்களுக்கும் செய்தியைக் காட்டி, "நீங்களே படிங்க" என்றார். டீச்சர் படித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தன் போனைத் தேடி எடுத்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"போன வாரம் நானும் உங்களுக்கு 'கீழ் வீடு காலி'ன்னுதான் அனுப்பியிருக்கேன். அப்ப நானும் போகணுமா?"

"எனக்கும் அதேதான். 'ரெண்டாம் மாடி சுத்தமா காலி'ன்னு போட்டிருக்கேன்" என்றார் டிரைவர். "அப்ப இந்தக் கட்டடத்துல யாருமே குடியில்லையா சார்?"

பூட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார், படி இறங்கினார். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "உங்களைத் தனியா விட்டது என் தப்பு சார். இன்னிக்கு நீங்க, நாளைக்கு நான். வாங்க, எல்லாரும் சேர்ந்து எழுதுவோம்" என்றார். வகுப்பறைக் குரலில் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். வாடகையை வழக்கமான தேதியில் கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும், பாக்கி வைத்தால் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார். வறண்ட குழாய், பல்பு இல்லாத படி, மொட்டை மாடிப் பூட்டு எல்லாவற்றையும் டிரைவர் படம் எடுக்க வேண்டும். யாரும் அவரிடம் தனியாகப் பேசக் கூடாது, சண்டையும் போடக் கூடாது. மனுவை டீச்சரே எழுதுவார். "நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்க சார், வேற எதையும் தொடக் கூடாது" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த மனுவில் மூன்றாவது வரியில் ஒரு 'க்' விட்டுப் போயிருந்தது. உன் அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். நான் அவளுக்காகச் செய்த தியாகங்களிலேயே இதுதான் பெரியது, அவள் இதுவரை அதை மதிக்கவில்லை.

குறைதீர் அலுவலகத்தில் ஒரு அம்மையார். மேசையில் மின்விசிறிக் காற்றுக்குப் பறக்கும் தாள்களை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் எழுதுகிறவர். டிரைவர் எடுத்த படங்களைப் பார்த்தார். பூட்டு ஒட்டிய தாள்களையும் பார்த்தார். "'நான்காம் மாடியின் புகாரை தொடர்ந்து'ன்னு நீங்களே காரணத்தையும் எழுதிக் குடுத்திருக்கீங்களே, ரொம்ப உதவி" என்று பூட்டிடம் சொன்னார். பூட்டு என் செய்தியை நீட்டினார்.

"அவரே காலி பண்றேன்னு எழுதியிருக்காரு மேடம்."

"'உடனே ஆவன செய்க'ன்னும் இருக்கே. காலி பண்ணிட்டுப் போறவர் உங்களை என்ன செய்யச் சொல்றார்?"

பூட்டு யோசித்தார். "அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்றார்னு நினைச்சேன் மேடம்."

"சரி, குடுத்துட்டீங்களா? இல்லைன்னா இப்பவே என் முன்னால குடுத்துடுங்க."

'குடுத்துடுங்க' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு சக்தி பார். பூட்டின் முகத்தில் ஞானம் பிறந்தது. "மேடம், நல்லா யோசிச்சுப் பாத்தா, காலின்னா தொட்டிதான் காலின்னு தோணுது" என்றார். டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அம்மையார் சிரிக்கவில்லை. "குறை சொன்னாங்கன்னு இருக்கிற வசதியைக் குறைக்கறதும் தப்பு, அதுக்காக அவங்களைக் கிளப்பப் பாக்கறதும் தப்பு. எல்லாத்தையும் முன்ன இருந்த மாதிரி வச்சுட்டு வந்து சொல்லுங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நான் ஒருத்தனே மோட்டாரும் பாத்து லைட்டும் பாத்து எப்படி மேடம்?" என்று பூட்டு அழாத குறையாகக் கேட்கவும், மோட்டார் அறைச் சாவியைக் குடியிருப்பவர்களில் பொறுப்பான ஒருவரிடம் கொடுக்கலாமே என்றார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். முக்கியமாக டீச்சர்தான் என் பெயரைச் சொன்னார்.

லிப்ட் ஓடிய அன்று உன் அக்கா ஏதோ வெளியூர் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு கீழே இறங்கினாள். தெருமுனை வரை நடந்தாள். தபால்காரரிடம் புதுச் செருப்பு எங்கே வாங்கினார் என்று கேட்டாள். முடி வெட்டிக்கொண்ட பெண்ணிடம், "உனக்கு ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்று கூசாமல் பொய் சொன்னாள். மேலே வந்தாள், மறுபடியும் கீழே போனாள். நான் பால்கனியில் நின்று பார்த்தேன். சொல்வதற்கு என்ன வெட்கம், எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே நீ எங்களை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், முன்னறையையும் ஒழிக்க வேண்டாம். இதில் நான் கற்றுக்கொண்டது, அதிகாரம் கையில் இருக்கிறவன் குறையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கோபப்படக் கூடாது. இதைப் பூட்டிடமும் நயமாகச் சொல்லி அனுப்பினேன். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், அதிலும் 'ர' 'ற' வேறுபாட்டை நன்றாகப் படிக்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் எல்லாம் நிரம்பியிருக்க எங்கள் இருவருடைய ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கி ஒட்டுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. மோட்டார் சாவி என்னிடம் வந்ததிலிருந்து இந்தக் கணக்கு டீச்சர் தாங்க முடியவில்லை மச்சான். தண்ணீர் தாமதமாம், வேகம் போதவில்லையாம். நான் என்ன கூலிக்கா மோட்டார் போடுகிறேன்? சொல்வதைத் தனியாகச் சொல்லக் கூடாதா, படியில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்ல வேண்டுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஆகவே நேற்று அவர் வீட்டு வால்வை மட்டும் (மூடவில்லை, தப்பாக நினைக்காதே) சற்றே திருகி வைத்தேன். குறைதீர் அலுவலகம் மாதிரி இடத்தில் உனக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், என் பெயரைச் சொல்லாமல், இது பழிவாங்கல் ஆகுமா, வெறும் ஒழுங்குமுறைதானா என்று விசாரித்து எழுது.

மற்றுமொரு பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். சாவியை எடுத்துக்கொண்டு லிப்டில் கீழே போனாள், வெகுநேரம் கழித்து வந்தாள். டீச்சர் வீட்டுத் தொட்டி நிரம்பி மொட்டை மாடியில் வழிகிறது. எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். கேட்டால் இன்னும் எதைக் குறைப்பாளோ என்று பயமாக இருக்கிறது மச்சான்.